அணை நிலவரப் பெட்டியில் கரியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வாடிப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் 29 வருடம் ஆய்வக உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாடம் நடத்தியதில்லை. நடத்துகிறவர்களுக்குச் சோதனைக் குழாய் கழுவிக் கொடுத்திருக்கிறேன், அமிலம் அளந்து ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், பிள்ளைகள் உடைத்த பீக்கருக்குக் கணக்கு எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான் என் படிப்பு என்று வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் இரண்டு படங்கள் வந்தன. மேலே நீர்ச் சுழற்சி, கீழே கார்பன் சுழற்சி. கார்பனை நான் கரி என்றே எழுதுகிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கிற என் மகள் வயிற்றுப் பேத்தி மேல் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டே, "அம்மாச்சி, நம்ம சிறுமலையில எப்ப ஐஸ் விழும்?" என்று கேட்டாள். படத்தில் மலை உச்சி வெள்ளை வெளேரென்று இருந்தது. அடிவாரத்தில் கூம்பு கூம்பாக மரங்கள். அங்கிருந்து நீலமாக ஓர் ஆறு கிளம்பி, இரு கரையும் தொட்டு ஓடிக் கடலில் சேர்கிறது. வைகைக் கரையில் வளர்கிற பிள்ளைக்கு இப்படி ஓர் ஆற்றைக் காட்டினால் கதைப் புத்தகம் என்றுதான் நினைக்கும்.

பனிமலையை விட்டுவிடலாம். எங்கேயோ வரைந்ததை எடுத்துப் போட்டிருப்பீர்கள். என் வருத்தம் வேறு. இரண்டு படத்தையும் தனித்தனிக் கட்டத்தில் அடைத்து நடுவில் ஒரு கோடு கிழித்துவிட்டீர்கள். தண்ணீர் தன் பாட்டுக்கு வட்டம் சுற்றுகிறது, கரி தன் பாட்டுக்கு வட்டம் சுற்றுகிறது, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே கிடையாது என்பது போல. அப்புறம், எந்த அம்புக்குறிக்குப் பக்கத்திலும் அளவு இல்லை. எவ்வளவு போகிறது, போன இடத்தில் எத்தனை நாள் தங்குகிறது என்று ஓர் எண்கூட இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே நாள் பேப்பரில் உள்பக்கத்து மூலையில் இதைவிட நல்ல பாடம் ஒன்று இருந்தது. அணை நிலவரம். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து பேப்பர் வந்ததும் முதலில் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான். அரசியல், கொலை, கொள்ளை எல்லாம் அப்புறம். பெரியாறு எத்தனை அடி, வைகை எத்தனை அடி, வரத்து விநாடிக்கு எத்தனை கன அடி, வெளியேற்றம் எத்தனை, இருப்பு எத்தனை மில்லியன் கன அடி. வைகையின் முழு மட்டம் 71 அடி என்பது எங்கள் பக்கம் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். பேரணையில் கால்வாய் திறப்பார்களா, நாற்றுப் பாவலாமா, இன்னும் பத்து நாள் பொறுக்கலாமா என்று அந்த நாலைந்து எண்ணை வைத்து அப்பா முடிவு செய்வார். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். வரத்து கூடினால் மட்டம் ஏறும், வெளியேற்றம் கூடினால் இறங்கும், இரண்டும் சரிக்குச் சரியாக இருந்தால் எவ்வளவு வந்து எவ்வளவு போனாலும் மட்டம் அசையாது. இதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இயற்கையில் நடக்கிற சுழற்சி எதையும் புரிந்துகொள்ள இந்த மூன்று சொல் போதும் என்பது என் கட்சி: இருப்பு, வரத்து, வெளியேற்றம். வட்டம் வரைந்தால் சுற்றுகிறது என்று மட்டும் தெரியும். பெட்டி போட்டால்தான் மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. வானத்தையும் ஓர் அணை என்று வைத்துக்கொண்டால், அதன் இருப்பு நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு. காற்றில் இருக்கிற ஈரம் முழுவதையும் ஒரே சமயத்தில் பிழிந்து உலகம் முழுக்கப் பரப்பினால் இரண்டரை சென்டிமீட்டர்தான் நிற்கும். மதுரைக்கு மட்டும் ஒரு வருடத்தில் சுமார் 85 சென்டிமீட்டர் பெய்கிறது. அப்படியானால் அந்த இரண்டரை சென்டிமீட்டரும் ஓயாமல் காலியாகி ஓயாமல் நிரம்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கிறது. ஆவியாக மேலே போன தண்ணீர் சராசரியாக ஒன்பது, பத்து நாளில் கீழே வந்துவிடுகிறது.

எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்கு மதுரைக்காரர்களிடம் உள்ளதைப் போன்ற பதில் வேறு ஊரில் கிடைப்பது அபூர்வம். ஐப்பசி மழை வங்காள விரிகுடாவிலிருந்து வருகிறது. ஆனி, ஆடியில் பெரியாற்றில் நிறைவது அரபிக்கடலிலிருந்து வந்த மழை. மலைக்கு அந்தப் பக்கம் விழுந்து, அந்தப் பக்கமே கடலுக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டிய தண்ணீரை, 1895இல் பென்னிகுக் கட்டி முடித்த அணையும் மலையைக் குடைந்து போட்ட சுரங்கமும் கிழக்கே திருப்பிவிட்டன. அதனால் கார்த்திகை மாதம் எங்கள் வயலில் ஒரே பாத்திக்குள் இரண்டு கடல் தண்ணீர் நிற்கும். இதை எந்தப் பாடப்படத்திலாவது பார்த்திருக்கிறீர்களா?

சரி, அது கடலுக்குத் திரும்பிப் போகிறதா என்றால், வைகை 258 கிலோமீட்டர் ஓடி ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதையும் தாண்டி மிஞ்சியது ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் கடலைத் தொடும், தொடுகிற வருடங்களில். மற்றபடி பெரும்பகுதி வழியிலேயே கண்மாய்ப் பரப்பிலிருந்தும் ஈர மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் மேலே போய்விடுகிறது. உலகக் கணக்கை எடுத்தாலே நிலத்தில் பெய்கிற மழையில் பாதிக்குமேல் ஆற்றைப் பார்க்காமல் இப்படித் திரும்பிவிடுகிறது என்கிறார்கள். உங்கள் படத்தில் ஆறு இவ்வளவு தடிமனாகவும், இலையிலிருந்து கிளம்பும் அம்பு நூல் மாதிரியும் இருந்தது. எங்கள் பூமிக்கு அதைத் தலைகீழாக வரைய வேண்டும்.

அந்த இலை அம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு அதைக் காட்டியது ஒரு நகப்பூச்சு பாட்டில்.

எங்கள் பள்ளியில் தாவரவியல் டீச்சர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது. ரியோ செடியின் இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லிசாகத் தடவ வேண்டும். காய்ந்ததும் மேலே செலோடேப்பை ஒட்டி உரித்து, ஸ்லைடில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். (நகப்பூச்சுக்குப் பள்ளியில் பணம் கேட்க முடியாது. பில்லைப் பார்த்தால் தலைமையாசிரியர் என் விரலைத்தான் பார்ப்பார். அது எப்போதும் என் கைக்காசு.) உற்றுப் பார்த்தால் உதட்டுக்கு மேல் உதடு வைத்த மாதிரி சின்னச் சின்ன வாய்கள், வரிசையாக இல்லை, வாசலில் அள்ளித் தெளித்த மாதிரி. அதுதான் இலைத்துளை. காலையில் வெயில் படுகிற தொட்டியிலிருந்து பறித்த இலையில் வாய் திறந்திருக்கும். லீவு நாளில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் வாடிய தொட்டியிலிருந்து பறித்தால் இறுக மூடியிருக்கும். இரண்டு ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன்.

இலை அந்த வாயைத் திறப்பது கரியமில வாயுவை உள்ளே இழுக்க. அதை வைத்துத்தான் மாவாகவும் சர்க்கரையாகவும் மரமாகவும் ஆக்குகிறது. ஆனால் திறந்த வாய் வழியாக உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போய்விடும். வாயு மட்டும் வா, தண்ணீர் நீ இரு என்று சொல்ல அந்தக் கதவுக்கு வழியில்லை. கரியமில வாயுவின் ஒரு மூலக்கூறு உள்ளே வருவதற்கு நூற்றுக்கணக்கில் நீர் மூலக்கூறுகளை விலையாகக் கொடுக்கிறது. வேர் உறிஞ்சிய தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இப்படித்தான் போகிறது. செடியின் உடம்பில் நிற்பது கொஞ்சம்.

ஆக, கரிக் கணக்கின் வரத்தும் தண்ணீர்க் கணக்கின் வெளியேற்றமும் ஒரே மடையில் நடக்கின்றன. ஒரே ஷட்டர்தான். அதை இறக்கினால் இரண்டும் நிற்கும், தூக்கினால் இரண்டும் ஓடும். நீங்கள் கோடு கிழித்துப் பிரித்தீர்களே, அந்தக் கோடு இந்த இலைக்கு நடுவிலே போகிறது.

மானாவாரிக்காரர்களுக்கு இது வேறு விதமாகத் தெரியும். உசிலம்பட்டிப் பக்கம் சோளம் ஏன் நிற்கிறது, நெல் ஏன் நிற்காது என்றால் வேர் ஆழம், வயது என்று பல காரணம் சொல்லலாம். ஆனால் சோளத்திற்கும் கம்புக்கும் மக்காச்சோளத்திற்கும் இந்த வாய் விஷயத்திலேயே ஓர் உபாயம் இருக்கிறது. உள்ளே வந்த வாயுவை ஓர் உள்ளறையில் அமுக்கிச் சேர்த்துக்கொள்ளும்; அதனால் வாயைக் கொஞ்சமாகத் திறந்தே காரியம் முடிந்துவிடும். நெல்லுக்கு அந்த உள்ளறை கிடையாது. சோற்றுக்கற்றாழை இன்னும் கெட்டிக்காரி. பகலில் திறப்பதே இல்லை. இரவுக் குளிர்ச்சியில் வாங்கி வைத்துக்கொண்டு, விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு வெயிலில் சமைக்கும்.

தண்ணீரும் கரியும் சந்திக்கிற இன்னோர் இடம் எங்கள் வீட்டு வெந்நீர் அண்டா. போர் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சுகிற எல்லா வீட்டிலும் இருக்கும்: அண்டாவுக்குள் வெள்ளையாக, கெட்டியாக, ஓடு ஓடாகப் படிகிறதே, அது. எங்கள் அம்மா மாதத்துக்கு ஒரு தடவை புளியைக் கரைத்து ஊற்றி ஊறவைத்துத் தேய்ப்பார்கள். பொறுமையாகப் பார்த்தால் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு துண்டைப் பெயர்த்துக் காகிதத்தில் மடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ரெண்டு சொட்டு விட்டதும் புஸ்ஸென்று பொங்கியது. வந்த வாயுவைச் சுண்ணாம்பு நீரில் விட்டேன். பால் போல வெளுத்தது. கரியமில வாயு. எங்கள் அண்டாவுக்குள் கரி எப்படி வந்தது என்று அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசனை.

விடை அதே சுண்ணாம்பு நீர்க் குழாயிலேயே இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சுண்ணாம்பு நீரில் குழல் வைத்து ஊதுவார்கள். வெளுக்கும். ஆசிரியர் "இதுதான் நாம் விடும் கரியமில வாயு" என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடுவார். மணி அடித்த பிறகும் ஊதிக்கொண்டே இருக்கிற பையன் ஒருத்தன் எல்லா வருடமும் இருப்பான். குழாயில் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு விடாமல் ஊதினால், வெளுத்தது மறுபடியும் தெளிந்துவிடும். "அக்கா, இது கெட்டுப்போச்சு" என்று கொண்டுவந்து நீட்டுவான். கெட்டுப்போகவில்லை. கரியமில வாயு மேலும் மேலும் கரைந்ததில் தண்ணீர் லேசாகப் புளித்து, வெள்ளையாக நின்ற சுண்ணாம்பைத் தனக்குள் கரைத்துக்கொண்டுவிட்டது. அந்தத் தெளிந்த குழாயை ஸ்பிரிட் விளக்கில் காட்டினால் வாயு பறந்து, திரும்பவும் வெளுக்கும். அந்தப் பையன்களுக்கு இதைக் காட்டியதுதான் நான் நடத்திய ஒரே பாடம்.

அண்டாவில் நடப்பதும் அதுதான். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது மண்ணுக்குள் இருக்கிற காற்றைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. அந்தக் காற்றில் வேரும் புழுவும் நுண்ணுயிரும் விட்ட மூச்சு நிறைந்திருக்கும். வெளிக்காற்றைவிடப் பல மடங்கு கரியமில வாயு. புளித்த தண்ணீர் சுக்காங்கல்லில் இருக்கிற சுண்ணாம்பைக் கரைத்து இழுத்துக்கொண்டு, எங்கள் போர்க் குழாய் வழியாக மேலே வருகிறது. காய்ச்சினால் வாயு போய்விடும், சுண்ணாம்பு அண்டாவில் நிற்கும். என்றைக்கோ பெய்த மழையும் என்றைக்கோ செத்த வேரும் சேர்ந்து செய்த ஓடு.

யானைமலை, நாகமலைப் பாறைமேல் விழுகிற மழையும் இந்த வேலையைத்தான் செய்கிறது. அந்தப் பாறை அசைந்து கொடுக்காது. லட்சக்கணக்கான வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்தது ஆற்றோடு போய், கடலில் சிப்பியாகவும் பவளப்பாறையாகவும் சுண்ணாம்புக்கல்லாகவும் ஆகி அடியில் கிடக்கும். எரிமலை வழியாக அந்தக் கரி காற்றுக்குத் திரும்பப் பல கோடி வருடம் பிடிக்கும். ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி.

இப்போது கரிக்குப் பெட்டி போட்டுப் பார்க்கலாம். உலகக் காற்றுமண்டலத்தில் கரியின் இருப்பு சுமார் 90,000 கோடி டன். செடி கொடிகள் இலை வழியாக ஒரு வருடத்தில் இழுப்பது சுமார் 12,000 கோடி டன். அவையும் மண்ணும் மூச்சாகவும் மக்கியும் திருப்பி விடுவதும் ஏறக்குறைய அதே அளவு. கடலோடு நடக்கிற கொடுக்கல் வாங்கல் சுமார் 8,000 கோடி டன், அதுவும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு எரித்து நாம் விடுவது சுமார் 1,000 கோடி டன்.

என் தம்பி இந்த எண்களைப் பார்த்துவிட்டு, "இருபதாயிரம் கோடி வந்து போற இடத்துல ஆயிரம் கோடி என்னக்கா, கொசுறு" என்றான். டிராக்டர் வைத்திருக்கிறான், டீசல் பற்றிப் பேசினால் கோபம் வரும். அவனுக்கு அப்பாவின் பெட்டியைத்தான் காட்டினேன். ஐயாயிரம் கன அடி வந்து ஐயாயிரம் கன அடி போகிற அணையில், ஓரமாக ஓர் ஓடை இருநூற்றைம்பது கன அடியைப் புதிதாகக் கொண்டுவந்து சேர்த்தால் மட்டம் என்ன ஆகும்? ஏறும். ஐயாயிரத்தோடு ஒப்பிட்டால் அது கொசுறுதான்; ஆனாலும் தினம் தினம் ஏறும். அவன் பதில் சொல்லவில்லை. வரப்பைப் பார்த்தான்.

காற்றில் அந்த மட்டம் ஏறியிருக்கிறது. தொழிற்சாலைகள் வருவதற்கு முன்னால் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்ற எரிமலைமேல் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி 1958இல் அளக்கத் தொடங்கியபோது 315க்குப் பக்கம். இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அந்த வரைபடத்தை ஒரு தடவை உங்கள் பக்கத்தில் போடுங்கள். ஒவ்வொரு வருடமும் ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்கும். வடக்கத்தி நாடுகளில் குளிர்காலம் முடிந்து காடெல்லாம் தழைக்கிற மாதங்களில் இறங்கும், இலை உதிர்கிற காலத்தில் ஏறும். அந்த வாய்கள் திறப்பதும் மூடுவதும் கடல் நடுவே ஓர் எரிமலை உச்சியில் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு பல்லும் போன வருடப் பல்லைவிட உயரத்தில் நிற்கும்.

இன்னும் நல்ல வேளை, நாம் விடுவதில் ஏறக்குறையப் பாதியை இலையும் கடலும் கூடுதலாக வாங்கிக்கொள்கின்றன. நிரம்பிய கண்மாயில் உபரித் தண்ணீர் மறுகால் போகிற மாதிரி. மீதிப் பாதிதான் மட்டத்தை ஏற்றுகிறது.

இங்கே ஒரு குழப்பம் வரும். பள்ளியிலும் வந்திருக்கிறது. வருடத்துக்கு இருபதாயிரம் கோடி டன் வந்து போகிறது என்றால் நாலைந்து வருடத்தில் காற்றில் இருக்கிற கரி முழுக்க மாறிவிடுமே, அப்புறம் என்ன கவலை என்று கேட்பார்கள். வண்டியூர் தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வைகைத் தண்ணீரை விட்டு, மறுபக்கம் அதே அளவு இறைத்துக்கொண்டே இருந்தால் சில நாளில் குளத்துத் தண்ணீர் முழுக்கப் புதுசாகிவிடும். மட்டம் ஓர் அங்குலம் இறங்கியிருக்காது. துளி மாறுவது வேறு, மட்டம் இறங்குவது வேறு. ஏறிய கரி மட்டம் இறங்க நூற்றாண்டுகள் ஆகும். அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான வருடம் நிற்கும். ஒன்பது நாளில் இறங்கிவிடுகிற நீராவியோடு இதை வைத்துப் பாருங்கள்.

ஆனால் அந்த நீராவியையே இது மாற்றிவிடுகிறது. கரி கூடினால் சூடு கூடும். ஒரு டிகிரி கூடினால் காற்றால் சுமார் 7 சதவீதம் ஈரத்தைக் கூடுதலாகத் தாங்க முடியும். இரண்டரை சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அந்த வானத்து அணையின் கரையை உயர்த்திய மாதிரி. கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டும். கொட்டாத நாட்களில் மண்ணிலிருந்து அதிகமாக உறிஞ்சும். மண் காய்ந்தால் இலை வாயை மூடும். வாயை மூடினால் கரி உள்ளே போகாது. கரிக் கணக்கில் ஆரம்பித்து, தண்ணீர்க் கணக்கு வழியாக, திரும்பக் கரிக் கணக்குக்கே வந்துவிட்டோம்.

இதையெல்லாம் ஒரு பேப்பர் கடிதத்தில் எழுதுவதற்கு எங்கள் ஊரில் நடந்த ஒன்றுதான் காரணம். படம் சாக்கு.

உலகத்து மண்ணில் முதல் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் இருக்கிற கரி, காற்றில் இருப்பதையும் செடி கொடிகளில் இருப்பதையும் கூட்டினாலும் அதைவிட அதிகம். எங்கள் ஊரில் அந்த இருப்பைக் கண்ணால் பார்க்கலாம், கண்மாய்க்குள். மேட்டிலிருந்து மழை அடித்துக்கொண்டு வருகிற சருகு, சாணம், மேல்மண் எல்லாம் வந்து கண்மாயில் படிந்து கரம்பையாகிறது. சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றியதும் கட்டி கட்டியாக வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் கையை விட்டு ஒரு கட்டியைப் பெயர்த்தால் மேலே சாம்பல் நிறம், உள்ளே கறுப்பு, கொஞ்சம் ஈரம். நனைத்துப் பிசைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். எங்கள் அப்பா காலத்தில் இந்த மாதங்களில் மாட்டு வண்டி வரிசையாக நிற்கும். ஒரு வீட்டுக்கு இத்தனை வண்டி என்று முறை வைத்து வெட்டி வயலுக்கு அடிப்பார்கள். "கரம்பை அடிச்ச வயலுக்கு ஒரு தண்ணி மிச்சம்" என்பார் அப்பா. ஆறு தண்ணி கேட்கிற பயிர் ஐந்தில் விளைந்துவிடும் என்று அர்த்தம். கரம்பையில் இருக்கிற களியும் மக்கும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வருகிற மிச்சம் அது. தண்ணீர் கொண்டுவந்து சேர்த்த கரி, திரும்பத் தண்ணீரை நிறுத்தி வைக்கிறது. கண்மாயும் ஆழமாகிவிடும்.

போன கோடையில் எங்கள் கண்மாயில் தூர் வாரினார்கள். காகிதத்தில் விவசாயத்துக்கு என்று இருந்ததாகச் சொன்னார்கள். வந்தவை டிப்பர் லாரிகள். ராத்திரியில் போன லோடுகளை நாங்கள் எண்ணவில்லை. பகலில் போனவை செங்கல் காளவாசலுக்குப் போயின. எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் கேட்டு, ஆளுக்கு ரெண்டு லோடு வாங்கினோம். யார் எடுத்தது, யார் கண்டுகொள்ளாமல் விட்டது என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் நீங்கள் போடமாட்டீர்கள்.

மதுரைக்குள் காளவாசல் என்றால் இன்று பஸ் நிறுத்தம். பெயருக்கு அர்த்தம் சூளைதான். வண்டலில் இருக்கிற களி செங்கலாகிவிடும். அதிலிருக்கிற மக்கு, அதாவது எத்தனையோ வருடத்துச் சருகும் சாணமும் சேர்ந்த கரி, சூளை நெருப்பில் காற்றுக்குப் போய்விடும். செங்கல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் செங்கல் வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் வயலில் கிடந்து பத்து இருபது வருடம் ஈரம் காத்திருக்க வேண்டியது அது. இன்னொரு கூத்து, நல்ல களி மடைக்குப் பக்கத்தில்தான் என்று அங்கேயே தோண்டித் தள்ளிவிட்டார்கள். இப்போது அந்தப் பள்ளம் மடையைவிட ஆழம். ஐப்பசியில் தண்ணீர் வந்து நின்றது. பார்க்கக் கண்மாய் நிறைந்த மாதிரி இருந்தது. ஆனால் பள்ளத்துத் தண்ணீர் மடை ஏறவில்லை. கடைசித் தண்ணிக்கு மோட்டார் வைத்து இறைத்தோம், டீசலில். தம்பியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நெல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயலில் எந்நேரமும் தண்ணீர் கட்டி வைத்தால் மண்ணுக்குக் காற்று கிடைக்காது. காற்றில்லாத சேற்றில் வாழ்கிற நுண்ணுயிர் கரியை மீத்தேனாக ஆக்கிவிடும். கண்மாய்ச் சேற்றில் கம்பை ஊன்றினால் கொப்புளம் கொப்புளமாக வருமே, அதே வாயு. எங்கள் பெரியவர்கள் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில், அதாவது மண் லேசாகக் காயவிட்டுப் பாய்ச்சினால், தண்ணீரும் மிச்சமாகும், மீத்தேனும் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்று நெல் ஆராய்ச்சிக்காரர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஆனால் முறைத் தண்ணீர் நம்பிக்கையாக வந்தால்தான் யாரும் வயலைக் காயப்போடத் துணிவார்கள். அடுத்த முறை வருமோ வராதோ என்றால் கட்டித்தான் வைப்பார்கள். நானும் அப்படித்தான்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த தடவை மாணவர் பக்கத்தில் இந்தப் பாடம் வரும்போது ஒரே படமாகப் போடுங்கள். பனிமலைக்குப் பதில் மேற்கே வருசநாட்டு மலை, பக்கத்தில் பெரியாற்றுச் சுரங்கம், நடுவில் ஒரு கண்மாய், கரையில் ஒரு கருவேலமரம், கிழக்கே கடல். இலைக்குப் பக்கத்தில் உள்ளே ஓர் அம்பு, வெளியே ஓர் அம்பு. கீழே அணை நிலவரம் மாதிரி ஒரு பெட்டி: வானத்தின் தண்ணீர் இருப்பு, காற்றின் கரி இருப்பு, வரத்து, வெளியேற்றம், சராசரியாகத் தங்கும் காலம். கரி மட்டத்தை மாதத்துக்கு ஒரு தடவை உண்மையான அணை நிலவரத்துக்குக் கீழேயே போட்டால் இன்னும் சந்தோஷம். மௌனா லோவா எண் எல்லோருக்கும் கிடைப்பதுதான். எங்கள் பக்கம் அந்தப் பெட்டியைப் படிக்காத வீடு இல்லை.

படத்துக்கு மாதிரி வேண்டியிருந்தால் என் பேத்தி வரைந்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். கண்மாய்க் கரையில் ஒரு கொக்கும் இரண்டு டிப்பரும் வரைந்திருக்கிறாள். கொக்கை மட்டும் விட்டுவைக்கலாம். உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கு, மடைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது, அச்சிடும்போது கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற பள்ளி ஆய்வக உதவியாளர்,
வாடிப்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.